எதிரியின் வேலை நேரம்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளுக்குச் ‘சுவிட்சக்கா’ என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கடைநிலை ஊழியர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஓர் அறை விடாமல் நுழைந்து எல்லா சுவிட்சையும் அணைப்பாள். காலை ஒன்பதுக்கு முதல் ஆளாக வந்து போடுவாள். மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு. கொடுத்த அதிகாரியின் அறையில் ஆளே இல்லாமல் பகல் முழுக்க ஏசி ஓடும். அது வேறு கதை.

அந்தத் திங்கட்கிழமை மாடியறையில் புதுக் கணினிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஊரின் தண்ணீர்ப் பம்புகளை எல்லாம் இனி அதுதான் ஓட்டுமாம். இதை அவளிடம் யார் சொன்னார்கள்? ஆளில்லாத அறையில் இது எதற்கு இரைகிறது என்று அதையும் அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தது. தொடர்ந்து மூன்று நாள் இதே கூத்து. பொறியாளர்கள் பத்து மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சைபர் தாக்குதல், பக்கத்து நாட்டு வேலை என்று டிவி தொண்டை கிழியக் கத்தியது.

வெள்ளிக்கிழமை டிவியில் ஒரு கோட்டுப் போட்ட நிபுணர் வந்தார். “எதிரி சரியா சாயங்காலம் அஞ்சரைக்கு ஆரம்பிக்கிறான், காலையில ஒம்போதுக்கு நிறுத்துறான். இவ்வளவு ஒழுங்கு ராணுவத்துலதான் இருக்கும்” என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பதே பக்கத்து நாட்டில். வரும் செவ்வாய்க்கிழமை தங்கைக்கு இதய ஆபரேஷன். பதிலடி என்று இங்கே எவனாவது கிளம்பினால் என்ன ஆவது?

அதிகாரியிடம் ஓடினாள். “ஐயா, அது நான்தான். தெரியாம அணைச்சுட்டேன்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “வாய மூடும்மா. அமைச்சர் பேட்டி குடுத்துட்டாரு. பக்கத்து நாட்டுக்காரங்களும் நாங்கதான் பண்ணோம்னு மார்தட்டிக்கிட்டாங்க. இப்பப் போயி நீதான்னா ரெண்டு நாட்டு மானமும் போயிடும்.”

“மானம் போனாப் போவுது ஐயா, என் தங்கச்சி அங்க...”

“அதெல்லாம் நம்ம கையில இல்ல” என்றவர், தாமே மாடியேறி அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார்.

அன்றிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. எதிரி பயந்துவிட்டான் என்றது டிவி. பயந்தவனைச் சும்மா விடலாமா என்று முடிவெட்டும் கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை கேட்டார்கள். செவ்வாய் காலை பதிலடி கொடுத்தாயிற்று என்று செய்தி வந்ததும் தெருவே கைதட்டியது. சுவிட்சக்கா மட்டும் தங்கையின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். “ஆபரேஷன் இல்லையாம்க்கா. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரெல்லாம் படுத்துடுச்சு. எப்பன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“எல்லாம் என்னாலதாண்டி. அந்த சுவிட்ச அணைச்சது நான்தாண்டி.” அவள் வாய்விட்டு அழுதாள்.

தங்கைக்கு மூச்சு வாங்கியது. “சும்மா இரு அக்கா. உங்க ஊருத் தண்ணிய நிறுத்துனது எங்காளுங்க அஞ்சு மாசம் திட்டம் போட்டுப் பண்ணதுன்னு இங்க டிவியில படத்தோட காட்டினாங்க. இவரு காதுல விழுந்தா சண்டைக்கு வருவாரு. அவருக்கு அதுல அவ்வளவு பெருமை.”