அக்கா அடித்த ஆணி

பாட்டு எழுத எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை தயாராக வைத்திருக்கிறேன். நாகமலை புதுக்கோட்டையில் படிக்கும்போது, விடுதி சீனியர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டுப்போன கிடாரை எடுத்துக்கொண்டேன், போனில் வீடியோ பார்த்து விரல் நுனி தடிக்கும்வரை பழகினேன் என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது கிடார் வந்த கதை. பாட்டு வந்தது என் அக்காவிடமிருந்து. அவளிடம் கேட்டு வாங்கவும் இல்லை.

படிப்பு முடிந்து பழங்காநத்தம் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வருடம் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தேன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் சினிமாப் பாட்டுதான். ஒருமுறை மேடையில் பாடகர் வர நேரமாகிவிட, துணிந்து சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடினேன். நிலா, மழை, பிரிவு எல்லாம் போட்டுப் பிசைந்த பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு பாடுங்கண்ணே.” அவன் கிண்டல் செய்யவில்லை, கெஞ்சினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். என் கிடாரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “அந்தக் கட்டை” என்பார். “அந்தக் கட்டையத் தூக்கிட்டு எங்க போற?” “அந்தக் கட்டைய நகத்து, நான் உக்காரணும்.” நான் பீரோவைத் திறந்துவைத்து, கதவுகளில் போர்வையைத் தொங்கவிட்டு, அம்மாவின் பட்டுச்சேலைகளுக்குள் தலையை விட்டுப் பாடிப் பதிவு செய்வேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நிற்க வேண்டும், தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்காமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடி வருவது ஒரு நாளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அப்பா, “மோட்டார் போட்டியாடா?” என்று கேட்பார்.

அக்காவை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தோப்பு, வயல், புதிதாகக் கட்டிய பெரிய வீடு. மச்சான் நல்லவர்தான், ஆனால் தன் அம்மா இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கமாட்டார். அக்கா தினமும் பதினோரு மணிக்கு மாடியில் துணி காயப்போடும்போது எனக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் மட்டும்தான் அவள் தனியாக இருப்பாள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அப்பாவிடம் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார் என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கொட்டுவாள். நான் “உம்” கொட்டுவேன். பாதி நேரம் கிடாரை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் இதைச் சொன்னாள். பட்டமளிப்பு விழாவில் கருப்பு அங்கி போட்டு எடுத்த அவள் போட்டோ ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. முந்தின வாரம் வந்தபோது அதைக் கேட்டு எடுத்துப் போயிருந்தாள். தன் அறையில் ஒரு ஆணி அடித்து மாட்டினாள். சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்த அவள் மாமியார், புதுச் சுவரில் யாரைக் கேட்டு ஆணி அடித்தாய் என்று கேட்டு, ஆளை விட்டு அதைப் பிடுங்கி, ஓட்டையில் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். போட்டோ கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. “அம்புட்டுப் பெரிய வீடுடா. ஒரு ஆணி அடிக்க எனக்கு எடமில்ல” என்றாள். பிறகு சிரித்தாள். கொடியில் சேலையை உதறும் சத்தம் போனில் கேட்டது.

போனை வைத்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? கோபம் வந்திருக்கலாம். அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியிருக்கலாம். நான் பேனாவைத் தேடினேன்.

அம்புட்டுப் பெரிய வீட்டுல
ஆணி அடிக்க எடமில்ல
கட்டிலுக்குக் கீழ கெடக்கு
பிரேமு போட்ட என் மொகம்

அரை மணி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. மெட்டைத் தேடவே இல்லை, அவள் சொன்ன இழுவையிலேயே இருந்தது. பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடினேன். அன்று மிக்ஸியும் ஓடவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து, புனைபெயரில் வலையேற்றினேன். அக்காவிடம் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன்.

முதல்முறையாக முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். இது எங்கள் வீடு, இது என் கதை என்று எத்தனையோ பெண்கள். நான் தரையில் நடக்கவில்லை. அப்பாவின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் குரலை வைத்துக் கண்டுபிடித்து, “சார், உங்க பையன் பாட்டுத்தான சார் எல்லாரும் கேக்குறாங்க” என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து, “அந்தக் கிடார ஓரமா வச்சிருக்க, யாராவது மிதிச்சிறப் போறாங்க” என்றார். கிடார் என்றார். நான் குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், அவர்கள் குலசாமி கோயிலில். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிப்பதும் காது குத்துவதும். சீர் தட்டுகளோடு வேனில் போய் இறங்கினோம். ரேடியோ செட் கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் வயல் பக்கமாகத் திரும்பிப் பாடிக்கொண்டிருந்தன. மொட்டை முடிந்து, சந்தனம் பூசிய தலையோடு குழந்தை என் மடியில். ஆசாரி எதிரே உட்கார்ந்து, “தலைய ஆட்டாமப் புடிங்க தம்பி” என்றார். இரண்டு கையாலும் பிடித்தேன்.

அப்போதுதான் சாமி பாட்டு பாதியில் நின்று என் கிடார் கேட்டது.

அப்பா பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து ரேடியோ செட்காரரிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம். இதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: என் குரல் அந்தக் குழாயில் வந்து வயலெல்லாம் பரவியபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எத்தனை கோயில்களில் எத்தனை பேருடைய பாட்டை வாசித்திருக்கிறேன்! இப்போது என் பாட்டு. முதல் வரி முடியும்வரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வரி என்னவென்று நினைவு வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அக்கா குழந்தையின் புதுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் சீர் தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர், கையை எடுத்துவிட்டார். என்னை அவர் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். மச்சான் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். “நிறுத்துங்க” என்று நான் கத்தியிருக்கலாம். மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, ஆசாரி கையில் கம்பி, இரண்டாவது காது இன்னும் பாக்கி. எழுந்திருக்க முடியாது. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் முகத்தைப் பற்றி என் குரலே கூவிக்கொண்டிருக்க, நான் குழந்தையின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆணிக் கதை அவருக்குச் சொல்லப்படவே இல்லை. அவர் வார்த்தையைக் கேட்கவும் இல்லை, மகன் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தியிடம் போய், “நம்ம பையன் பாடுனது. அவனே எழுதுனது” என்றார். பாட்டு முடிந்ததும் ரேடியோ செட்காரரைப் பார்த்து, “இன்னொரு தடவ போடுப்பா” என்றார்.

அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. விசேஷ வீட்டில் அவர்கள் குரல் உயர்த்துகிறவர்கள் இல்லை. பந்தியில் அக்காவின் மாமியாரே என் இலைக்குப் பாயாசம் ஊற்றினார். “நல்லா சாப்புடுங்க தம்பி. எங்க வீட்டுச் சுவரு மெட்ராசு வரைக்கும் பேரு வாங்கிருச்சுல்ல” என்றார். நான் அந்த இலையை மூடினேனா, சாப்பிட்டேனா என்று நினைவில்லை. வேன் கிளம்பும்போது அக்கா வந்து கதவுப் பக்கம் நின்றாள். அம்மாவிடம், “பாத்துப் போங்க” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் அழைத்தால் மச்சான் எடுத்து, “வேலையா இருக்கா மாப்ள” என்பார். வலையிலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன். என்ன பயன்? அதற்குள் யார் யாரோ எடுத்து, தங்கள் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாகக்கூடப் போட்டுவிட்டார்கள். சென்னையில் ஒரு மேடைக்கு அழைத்தார்கள். அரை மணி நேரம், முழுக்க என் பாட்டு, ஆணிப் பாட்டு மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். போனேன். கூட்டம் அதையே கேட்டுக் கத்தியது. பாடவில்லை. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு என் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அவளிடம் சொன்னால் மனம் ஆறுவாள் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவளே போனை எடுத்தாள். சென்னையில் பாடாததைச் சொன்னேன்.

“பாடியிருக்க வேண்டியதுதான” என்றாள். “இங்க ஆனது ஆகிப்போச்சு.”

“என்னக்கா ஆச்சு?”

“காதுகுத்துக்கு மறுநாளே அத்த ஆள வரச் சொல்லி என் ரூம்பு சுவரு பூராம் ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. நாலு பக்கமும். போதுமான்னு கேட்டாங்க. புள்ள கையில கிழிச்சிரக் கூடாதேன்னு கட்டில நடுவுல இழுத்துப் போட்டுப் படுக்குறோம்.”

“போட்டோ?”

“நான் எதையும் மாட்டலடா.” பிறகு, “சொல்றதுக்கு நீ ஒருத்தன் இருந்த” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன பொருளைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “சரி சரி, சாப்டியா?” என்றாள்.

இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, தோப்பில் காய் வெட்டினார்கள், மழை இல்லை. நான் அதற்குப் பிறகு நிறையப் பாட்டு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அந்தப் பாட்டு மாதிரி இல்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இதை எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். அவளிடம் அனுமதி கேட்டு ஒன்றை எழுதுவது இதுதான் முதல்முறை. எழுதவா அக்கா என்றதும் அவள் யோசிக்கக்கூட இல்லை.

“எழுதிக்க. அதுக்கப்புறம்தான் நான் உங்கிட்ட எதையுமே சொல்றதில்லையே” என்றாள்.