பிரேசிலின் அடையாள அட்டை

பள்ளிக்கூடங்களுக்கிடையே ஒரு விவாதப் போட்டி. ஒவ்வொரு சோடியும் ஒரு நாட்டின் தூதுவர்களாகப் பேச வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பிரேசில். எனக்குச் சோடியாகக் கிடைத்தது அவள்.

ஒல்லி உடம்பு, இறுக்கிய இரட்டைப் பின்னல், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரல். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வைத்து மூன்று கிழமை பேசப் பழக்கினேன். சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். நடுவில் நிறுத்தி, பொக்கற்றில் ஐசி, அதுதான் அடையாள அட்டை, இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். வழியில் ஐசி கேட்டு மறிக்கும் ஆமி செக்பொயின்ற் இரண்டு, எனக்கும் தெரியும். அதற்காக என் வீட்டுக்குள்ளுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டி கொட்டாஞ்சேனையில் நடந்தது. எங்கள் முறை வந்ததும் போட்டியை நடத்திய தலைவர் மேசையைத் தட்டினார்.

“அடுத்தவர், உங்களை அடையாளப்படுத்துங்கள்.”

அவள் எழுந்து நேரே அவரிடம் போய், ஐசியை எடுத்து நீட்டினாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் திகைத்துப்போய் அதைக் கையில் வாங்கிவிட்டார்.

“பிரேசில் எண்டு சொல்லடி!” என்று சீறினேன்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆர் எண்டு கேட்டா கை தானாப் போகுது” என்றாள், தலைவரின் ஒலிவாங்கியிலேயே. பிறகு தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் முழங்கினாள். அந்தக் குரலை மூன்று கிழமையாக எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ! இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

கைதட்டல் ஓயவில்லை. கட்டிப்பிடிக்க ஓடிய என்னை விலக்கிவிட்டு, தலைவரிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சேர், ஐசியைத் தாங்கோ. அது இல்லாம வீட்ட போகேலாது.”