புதுப் போதகர் வாசித்த சீட்டு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நா எழாது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

என் மகன் சாலமோன் குடித்துவிட்டு வந்த ஒரு நாள், "செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். பெற்ற வாய் சொன்னது. அவன் போய்விட்டான். போன் இல்லை, சேதி இல்லை. ஏழு மாதம். சபையில் கேட்டவர்களிடம் பெங்களூரில் வேலை என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற வாராவாரம் ஒரு பொய்.

பழைய போதகர் ஐயாவுக்கு மட்டும் உண்மை தெரியும். எங்கள் சபையில் ஜெபிக்க வேண்டியதை எழுதும் சீட்டை ஒரு மடிப்பு மடித்துப் பெட்டியில் போட்டால் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். நாலாக மடித்தால் அவர் மட்டும் படித்து ஜெபிப்பார். நான் எப்போதும் நாலாகத்தான் மடிப்பேன்.

மே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. சால்வை, மாலை, போட்டோ, பிரியாணி. எல்லாரும் அழுதார்கள். நான் அழுதது வேறு. விடைகொடுக்க வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கையைக் கூப்பினேன். "விட்டுடாதீங்கம்மா, கேட்டுக்கிட்டே இருங்க" என்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ள, நகர்ந்துவிட்டேன். சாமான் ஏற்றிய வண்டி வேலூர் ரோட்டில் திரும்பி மறைந்தது. என் பிள்ளைக்காக ஜெபிக்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

அந்த மாதம் பௌர்ணமி கழிந்த காலையில் கிரிவலப் பாதைக்குப் போனேன். ஓரத்தில் போர்த்திப் படுத்திருந்தவர்கள் முகத்தையெல்லாம் அவன்தானோ என்று குனிந்து பார்த்தேன். ஒரு பெரியவர், "பிச்ச போட வந்தியா, ஆள் எண்ண வந்தியா?" என்று கேட்டார். அடி அண்ணாமலை வரை நடந்து, கால் ஓய்ந்து உட்கார்ந்தேன். "ஆண்டவரே, அவன் இல்லையென்றால் என்னையும் எடுத்துக்கொள்ளும்." அன்று என் ஜெபம் அவ்வளவுதான்.

ஜூனில் புதுப் போதகர் வந்தார். சின்ன வயது. மாலை போட்டு, பாட்டுப் பாடி அழைத்தோம். மடிப்பு விஷயத்தை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல் நாலாக மடித்துப் போட்டிருந்தேன். முதல் ஞாயிறே எல்லாச் சீட்டையும் பிரித்து, ஒன்று விடாமல் வாசித்தார்.

"என் மகன் சாலமோன் பெங்களூரில் இல்லை. நான்தான் துரத்தினேன். உயிரோடு இருக்கிறானா தெரியவில்லை."

என் பேர் எழுதவில்லை. ஆனால் சபையில் சாலமோன் ஒருவன்தான். எல்லாத் தலையும் பெண்கள் உட்காரும் பாய்ப் பக்கம் திரும்பியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இனி ஆலயத்தில் கால் வைப்பதில்லை என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு மேரி, "ஏன்க்கா, போன வாரம்தானே சூப்பர்வைசர் ஆயிட்டான்னு சொன்னே?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது எங்கள் சபையைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுகிற ஜெயராஜ் வந்து மெல்லச் சொன்னார். "பெரியம்மா, அவன் இங்கதான் இருக்கான். ஆசிரமம் பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பாத்திரம் கழுவறான். நீங்க பெங்களூர்னு சொல்றதப் பாத்து, அந்த வேல உங்களுக்கு வெக்கம்னு நெனச்சேன். அதான் வாயத் தெறக்கல."

என் பொய்தான் என் பிள்ளையை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

அந்த ஆட்டோவிலேயே போனேன். பின்கட்டில் குழாயடியில் குந்தியிருந்தான். இளைத்துப் பாதி உடம்பாகியிருந்தான். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"நீதானே வராதேன்னே."

"இப்பவும் நான்தான் சொல்றேன். வாடா."

கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

இன்னும் முழுதாகத் தேறவில்லை. மூன்று மாதமாகக் குடிக்கவில்லை. புதுப் போதகரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். "தெரியாம வாசிச்சிட்டேம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். அவரை வாசிக்க வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம்.

போதகர்கள் வருவார்கள், போவார்கள். ஜெபத்தைக் கேட்கிறவர் மாற்றலாகிப் போவதில்லை. என்னைப்போல் வெட்கப்பட்டு உள்ளேயே புழுங்குகிற தாய்மார்களே, அவரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள். உங்களுக்கான பதிலை அவர் அடுத்த பாயில் உட்கார வைத்திருப்பார்.