நான் கெடுத்த நான்கு துளைகள்

எங்கள் அக்கா போய்ப் பதினாறு நாள் ஆகிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் சீக்கிரமா வந்துடுறேன்" என்று பட்டறைக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு சாகிற வயதா?

அக்கா பிறந்தது பட்டினப்பாக்கத்தில். கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிறகு, அம்மா மீன் விற்று எங்கள் இருவரையும் வளர்த்தார். மீன் வைக்கும் தகரப் பெட்டிக்குள் ஸ்க்ரூ தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஐஸை அள்ளி அள்ளி அம்மாவின் கையெல்லாம் கிழிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அக்கா பதினெட்டு வயதில் தகடு வேலைக்குப் போனார். பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டார். மீன் பெட்டியில் தொடங்கி, இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பாக்ஸ் வரை செய்தார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

ஸ்க்ரூ தலை தகட்டோடு சமமாக உட்கார வேண்டும் என்பதில் அக்கா படு கண்டிப்பு. கனமான இரும்பு என்றால் துளையின் வாயை டிரில்லால் அகலமாகக் குடைந்துவிடலாம். மெல்லிய தகட்டைக் குடைந்தால் துளையே பெரிதாகிவிடும், விளிம்பு கத்தியாகிவிடும், ஸ்க்ரூ ஆடும். அதனால் அக்கா குடையவே மாட்டார். அடியில் குழிவான அச்சு, மேலே கூம்பு பஞ்ச், சுத்தியலால் ஒரே தட்டு. தகடு குழிந்துகொடுக்கும், தலை அதற்குள் அடங்கிவிடும். பிறகு தன் புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல் மாட்டினாலும் வேலை முதலிலிருந்து.

போன வருடம் ஒரு ஃப்ரீசர் பாக்ஸின் இடப்பக்க விளிம்பில் நான்கு துளைகளை அவசரத்தில் டிரில்லாலேயே குடைந்துவிட்டேன். அக்காவின் தலைப்பு கிழிந்தது.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீற?"

"பொணத்துக்கா குத்தப் போவுது?"

"பொணத்துக்கு இல்லடா. பக்கத்துல குந்திக்கினு அழுவுறாங்களே, அவுங்க கையி இன்னா ஆவுறது?"

நான் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துப் போனபோது பெட்டி விற்றுப் போயிருந்தது. அப்படியே அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா இறந்த அன்று, அவரைக் கிடத்த வாடகைக்குப் பெட்டி வந்தது. நான் கோணலாகப் பொருத்திய கைப்பிடியைப் பார்த்ததும் அதே பெட்டி என்று தெரிந்துவிட்டது. இடப்பக்கம் அம்மா உட்கார்ந்து, விளிம்பைத் தடவித் தடவி அழுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவின் கையை விலக்கிவிட்டு நான் தடவினேன். என் துளைகளை மூடி ஒரு புதுத் தகட்டுப் பட்டை. அதில் நான்கு ஸ்க்ரூ. விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை.

ஓடிவந்து தோள் கொடுத்த பட்டினப்பாக்கத்து உறவுகளுக்கும், எங்களை அடுப்பு மூட்டவிடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பகலெல்லாம் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா, நீ சொன்னதுதான் சரி. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.