கண்ணாடி வைத்த கார்

பேரன் புதுக்கார் வாங்கிவிட்டான். என்னை முன்சீட்டில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். கூரை திறக்குமாம், கேட்டால் வண்டி பதில் சொல்லுமாம், சீட்டிலிருந்தே குளிர்காற்று வருமாம். விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. புதுச் சீட்டு வாசனை மூக்கில் பட்டதுமே நான் சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டேன்.

அங்கே அப்போது நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது. வாடகைச் சைக்கிளிலும் ஏறுவதைவிட விழுவதில்தான் தேர்ச்சி. அப்படிப்பட்டவனுக்குக் கார்ப் பைத்தியம் ஒருவர் சிநேகிதராக வாய்த்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, சங்கரலிங்க அண்ணாச்சி. பெட்ரோல் பம்புக்கு எதிரே காப்பிக் கடையில்தான் எப்போதும் இருப்பார். எந்தக் கார் வந்து நின்றாலும் எழுந்துபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் மீதிக் காப்பியைக் குடிப்பார்.

"லைட்டு ரெண்டும் தனியா துருத்திக்கிட்டு நின்ன காலம் போச்சு வே. இனிமே மட்கார்டுக்குள்ள பதிச்சுத்தான் வரும். ஏறுததுக்குப் படியும் கிடையாது" என்பார். விலையை ரூபாயில் சொல்லும் வழக்கமே அவரிடம் இல்லை. இது மூணு கோட்டை விதைப்பாடு, அது அஞ்சு கோட்டை விதைப்பாடு என்று, விற்க வேண்டிய வயல் கணக்கில்தான் சொல்வார். கேட்கிற எனக்குச் சிரிப்பு வரும். வயலுக்குச் சொந்தக்காரரான அவர் அப்பாவுக்கு வரவில்லை.

பெரியவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. மேலே கித்தான் கூரை, பக்கத்தில் கண்ணாடி கிடையாது. வெயிலும் புழுதியும் நேராக மடிக்கு வரும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அதன் பின்னால் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கூட ஓட்டினார்கள். அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டித் துப்பிக்கொண்டே சிவகிரி வரை போய்வருவார். தெரிந்தவர்கள் அந்தக் கார் வந்தால் ரோட்டோரத்திலிருந்து எட்டி நிற்பார்கள். இந்த வண்டிக்கு என்ன குறை என்பது அவர் கட்சி.

கெஞ்சிக் கூத்தாடி அண்ணாச்சி புதுக்கார் வாங்கினார். கரும்பச்சை நிறம். நாலு பக்கமும் மூடி, கதவுக்குக் கதவு கண்ணாடி, திருகினால் இறங்கும். பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். முன்கதவும் பின்கதவும் அலமாரிக் கதவுபோல நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரியும். "ராசா மாதிரி எறங்கலாம் பாரும்" என்று திறந்து திறந்து காட்டினார். எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

ஆனால் பெரியவர் அதில் ஏறவில்லை. பார்க்கக்கூட இல்லை. அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா வாயால் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகவே வாங்கியவர்போல ஆகிவிட்டார்.

சாமி காரியம் என்றதால் கோவில் வாசலில் பூஜை போடும் அன்றைக்குப் பெரியவர் வந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கியதும், தானாகவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஐயா, உள்ள மட்டும் துப்பிராதிய. சீட்டு கறையாயிரும்."

"எனக்குத் தெரியாதாலே? நீ வண்டிய எடு."

நான் முன்னால் அண்ணாச்சி பக்கத்தில். பின்னால் பெரியவர் மட்டும், பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். ஊர் தாண்டியதும் கரிசல் காட்டுக்கு நடுவே நேர்ரோடு. அண்ணாச்சி வேகம் பிடித்தார்.

"ஐயா, எப்படி இருக்கு?"

வாய் நிறைய வெற்றிலை. 'ம்' என்றுதான் வந்தது.

"வாயத் தொறந்து சொல்லுங்கய்யா!"

பதில் சொல்ல வாயைக் காலி செய்ய வேண்டும். தலையை நீட்டக் கண்ணாடி விடவில்லை. அதைத் திருகி இறக்க நாங்கள் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை. கதவைக் கொஞ்சம்போலத் திறந்து துப்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். எதிர்க்காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிடித்த பிடியை விடாமல் அவரும் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் வெற்றிலைச் செல்லம்தான் இருந்தது.

வண்டியை நிறுத்தி ஓடிப்போய், கிடந்தவரைப் புரட்டினோம். உயிர் இல்லை. அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா என்னமும் சொன்னாகளா வே? உமக்குக் கேட்டுச்சா?" கேட்டது என்று ஒரு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்புறம் அண்ணாச்சி எந்தக் காரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. காப்பிக் கடைக்கும் வருவதில்லை. துஷ்டிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு நான் பார்க்கப் போனபோது, கார் வீட்டு முன்னால் வெட்டவெளியில் நின்றது. பின்சக்கரத்து மட்கார்டில் நீளமாக ஒரு வெற்றிலைச் சாற்றுக் கறை. கழுவ வந்த வேலையாளை அடிக்கப் போய்விட்டாராம்.

அந்தக் கதவுகள் இப்போது நான் பார்க்கிற எந்தக் காரிலும் இல்லை. பெரியவரின் கித்தான் காரை எடைக்குப் போட்டார்கள். மட்கார்டில் இருந்த கறையும் அந்த ஐப்பசி மழையோடு போயிற்று. உள்ளே சீட்டில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.