பாதிக் கதையில் இறங்கிப்போன டெய்லர்

போன வாரம் ஒரு சாயங்காலம், சோளக்காட்டிலிருந்து வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் மனைவி செல்வி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள். காதில் ஒயர், கையில் போன். மனைவி தனியாகச் சிரித்தால் எந்தப் புருஷனுக்கும் ஒரு சின்னச் சந்தேகம் வரும். வராது என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். மெல்லத் தலையைச் சாய்த்து ஒயருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். முதலில் ஒரு புல்லாங்குழல், அப்புறம் இடி, அப்புறம் பத்துப் பொம்பளைகள் ஒரே மூச்சில் 'ஆ...' என்று இழுப்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்றைக்கோ முடிந்துபோன அந்தப் பழைய டிவி நாடகம்! இப்போது அதை முதலிலிருந்து கடைசிவரை மொத்தமாகப் போனிலேயே பார்க்கலாமாம்.

"என்ன புள்ள, கதை எங்க வந்திருக்குது?"

"அந்தப் பாயச டம்ளருங்க. இப்பத்தான் பாத்தன்."

"அட! யாரு குடிச்சா?"

செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லிங்க் அனுப்பியுட்டனுங்க. நீங்களே பாத்துக்குங்க."

உங்களிடம் மறைப்பதற்கென்ன, எனக்கு அழுகை வந்துவிட்டது. டம்ளரை யார் குடித்தது என்பதற்காக அழுகிற அளவுக்கு நான் மோசமில்லை. சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் சீட்டுக்கு அடியில் யாரோ ஒரு பலாப்பழத்தைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் அது உருண்டு வந்து என் குதிகாலை இடித்தது. பழுத்த பலா, டீசல், ஈரத் துண்டு, மூன்றும் சேர்ந்த வாசம் எங்கள் மலை பஸ்ஸின் சொந்த வாசம். அது மூக்கில் ஏறினால் எனக்கு வேலை பறிபோன வருஷம் ஞாபகத்துக்கு வரும். அதுவும் பலா பழுத்துக் கிடந்த ஒரு காலம்தான்.

அப்போது நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் ஒரு பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்துவந்தேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்காரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "கொஞ்ச நாளைக்கு ஊர்ல இருங்க, நிலமை சரியானதும் நானே கூப்பிடறனுங்க" என்றார். நானும் வந்து இருந்தேன். போன் அடித்தால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடிவருவேன். தெரியாத நம்பராக இருந்தால் தலையைச் சீவிவிட்டுத்தான் எடுப்பேன். எடுத்தால் ஒரு பெண் குரல் காலர் டியூன் வைத்துக்கொள்ளச் சொல்லும். அதற்கும், "யோசிச்சுச் சொல்றனுங்க மேடம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்வி அப்போதும் சோளக்காட்டில்தான் கடை போட்டிருந்தாள். ரோட்டோரத்தில் ஒரு தார்ப்பாய். அதன் கீழே மிளகு, அன்னாசி, மலைவாழை. காலையில் போனால் ஏழேகால் பஸ்ஸில்தான் திரும்புவாள். அவள் உயிராக நினைத்த நாடகம் ஆறரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிந்துவிடும். அவள் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் மட்டும்தான். ஆகவே வீட்டில் சும்மா கிடந்த எனக்கு அவள் ஒரு உத்தியோகம் கொடுத்தாள். நாடகத்தைப் பார்த்துவைத்து, அவள் வந்ததும் கதை சொல்ல வேண்டும்.

பட்டறை வேலையைக்கூட நான் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை. ஆறு மணிக்கே கூரை ஏறி டிஷ்ஷைத் துண்டால் துடைப்பேன். மேகம் இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். மாமியாரின் மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் நிற்கும். அப்போது குடையோடு மறுபடி கூரைக்கு ஓடுவேன். செல்வி வந்து கால் கழுவி, வரக்காப்பி டம்ளரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ம், அப்பறம் என்னாச்சுங்க?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பகல் முழுக்க உயிரோடிருந்தேன் என்றால் மிகை என்று நினைப்பீர்கள். வேலை இல்லாமல் நாலு மாதம் இருந்து பாருங்கள். மருமகள் அதிர்ச்சியில் திரும்பும்போது காமிரா முகத்தை மூன்று தடவை காட்டுமல்லவா, நானும் கழுத்தை மூன்று தடவை வெட்டி வெட்டித் திருப்பிக் காட்டுவேன். அதில் கழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஒரு பக்கமாகவே நடந்தேன். உத்தியோகத்தில் இதெல்லாம் சகஜம்.

அப்படிப்பட்ட என் வாழ்வில் ஒருநாள் இடி விழுந்தது. நான் தொண்டையைச் செருமி, "இன்னிக்கு அந்த நாத்தனாக்காரி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க" என்றாள் செல்வி. "நகைப் பெட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பஸ்ஸுல டெய்லர் அண்ணன் சொன்னாருங்க. அப்படியே அவ மாதிரியே பேசறாரு! சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாப் போச்சு."

அவள் கடைக்கு எதிரில் தையல் கடை வைத்திருந்தார் அந்த மனுஷர். கடையில் ஒரு சின்ன டிவி. ஏழு மணிவரை நாடகத்தைப் பார்த்துவிட்டு, மெஷினுக்குப் பூட்டுப் போட்டு, அதே பஸ்ஸில் ஏறி, பஸ்ஸுக்கே கதை சொல்கிறாராம். 'அண்ணன்' என்று அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எந்த நாடகம் என்பதை மறந்துவிடாதீர்கள். அதில் வில்லன்களெல்லாம் அண்ணனாகத்தான் உள்ளே நுழைவார்கள்.

"ஓ, தெரியுமா? தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு நான் சொல்லோணும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். எங்களிடம் மாடு கிடையாது. பக்கத்து வீட்டு மாடு.

அன்றிலிருந்து எனக்கு நாடகத்தில் மனம் ஒட்டவில்லை. மருமகள் அழுதால், 'இதை அவன் எப்படி அழுது காட்டுவான்?' என்று தோன்றும். அவர் எனக்குத் தைத்துக் கொடுத்த சட்டையை எடுத்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இடது கை ஒரு நூலளவு குட்டை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! வேலை கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். செல்வி வந்து "என்னாச்சுங்க?" என்று கேட்டாலும், "அதான் உனக்குத் தெரியுமே" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். சம்பாதிக்கிறவள் அவள். சமைக்கிறவளும் அவள். எனக்கென்று இருந்தது இந்தக் கதை ஒன்றுதான். அதையும் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி நான் இந்த வீட்டில் எதற்கு? குடை பிடிக்கவா?

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம், கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியான பஸ்ஸில் சோளக்காட்டுக்குப் போய், குரங்குக் குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டு, மேலே துண்டைச் சுற்றி, ஏழேகால் பஸ்ஸின் பின்படியில் ஏறிக் கடைசி சீட்டில் ஒடுங்கினேன். எங்கள் குளிருக்கு அது ஒன்றும் மாறுவேஷமில்லை; பஸ்ஸில் பாதிப் பேர் அந்தக் கோலத்தில்தான் இருந்தார்கள். செல்வி நாலு சீட் முன்னால் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

டெய்லர் ஏறினார். ஒல்லி மனுஷர். காதில் சாக்பென்சில். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுமே பஸ் அடங்கியது.

"ஏனுங்க டெய்லரே, மோதரம் மாத்திட்டாங்களா?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டாள்.

"மோதரமெல்லாம் அப்பறமுங்க. மொதல்ல பாயசம்" என்றார் அவர்.

நிச்சயதார்த்த வீடு. சமையற்கட்டில் சின்ன மாமியார் ஒரு பாயச டம்ளரில் தூக்க மாத்திரையைப் போடுகிறாள், மணப்பெண்ணுக்காக. ஆனால் தட்டில் ஒரே மாதிரி டம்ளர் ஏழெட்டு இருக்கின்றன. தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவளோ ஒன்றும் தெரியாத மூத்த மருமகள். டெய்லர் கம்பியை விட்டுவிட்டு, இல்லாத தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸின் நடுவில் நடந்தார். வளைவில் பஸ் சாய்ந்தபோது அவர் சாய்ந்தார், தட்டு சாயவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைக் குறைத்தார். சின்ன மாமியாருக்கு ஒரு குரல், மாப்பிள்ளைக்கு ஒரு குரல், வாசலில் குரைக்கும் நாய்க்கு ஒரு குரல். நான் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்த நாய் என் கதையில் வந்திருக்குமா என்று யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு நான் பார்க்கவே இல்லையே! வேவு பார்க்க வந்த அவசரத்தில் என் உத்தியோகத்துக்கே லீவு போட்டுவிட்டேன். இப்போது இந்தக் கதைக்கு நான் இந்த மனுஷரைத்தான் நம்பியிருக்கிறேன்.

"மாத்தர போட்ட டம்ளரு, அப்படியே மெதுவா..." என்று நிறுத்தினார். யாரும் மூச்சுவிடவில்லை.

"யாரு கைக்குப் போச்சுங்க?" என்று ஒரு குரல் அலறியது. பஸ் மொத்தமும் பின்னால் திரும்பியது. அலறியது நான்தான். எழுந்தே நின்றிருக்கிறேன், குல்லா நெற்றிக்கு ஏறியிருந்தது.

"அட, மாப்ளைங்களா! குல்லாவுக்குள்ளயா குடியிருக்கறீங்க?" என்றார் டெய்லர்.

பஸ் சிரித்த சிரிப்பில் கண்டக்டரின் விசில் கேட்கவில்லை. பலாமரத்து ஸ்டாப் வந்துவிட்டது. அதுதான் அவர் ஊர். படியில் கால் வைத்தபடி, "மிச்சத்த அவங்கவங்க ஊட்டுல பாத்த ஆளுகிட்டக் கேட்டுக்குங்கோ!" என்று கத்திவிட்டு இறங்கி இருட்டுக்குள் போனார்.

செல்வி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "நல்லாக் கேட்டுக்கறன் போங்க. ஊட்டுல பாக்கற ஆளுதான் இங்க வந்து குல்லாப் போட்டு உக்காந்திருக்குதே!"

எங்கள் ஸ்டாப்பில் இறங்கி இருட்டில் நடந்தோம். டார்ச் அவள் கையில் இருந்தது. என் காலுக்கும் சேர்த்துத்தான் வெளிச்சம் பிடித்தாள்.

"டெய்லரு தெனமும் பாதியிலயா எறங்குவாரு?" என்று கேட்டேன்.

"பின்ன? அரை மணி நேரக் கதைய அவரு ஒரு மணி நேரம் சொல்லுவாரு. ஸ்டாப்பு வந்துரும். நாய் கொரைக்கறதெல்லாம் சொல்லிட்டிருந்தா கதை எப்ப முடியும்? அத்தன பேரும் மிச்சத்த ஊட்டுல போய்த்தான் கேட்டுக்குவாங்க. எனக்குத்தான் ஒரு வாரமாப் பாதிக் கதை. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கறீங்க."

நான் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கதைக்கோசரமா நான் கேக்கறனுன்னு நெனச்சீங்களா? வேலை போனதுலருந்து நீங்க வாயத் தொறக்கறதே அதுக்கு மட்டுந்தானுங்க. கழுத்தத் திருப்பித் திருப்பிக் காட்டுவீங்களே. அதையும் நிறுத்திப்புட்டா அந்த ஊட்டுக்குள்ள நான் யாரோட பேசறது?"

பக்கத்து வீட்டு மாட்டுக்கு நான் எதற்காகத் தண்ணீர் வைத்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்போல. அதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் மழை. டிஷ்ஷில் ஒன்றும் வரவில்லை, குடைக்கும் மசியவில்லை. அதற்கு மறுநாள் 'ஆறு மாதங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டு, எல்லோரும் புதுப்புடவையில் சுகமாக நடமாடினார்கள். அந்த டம்ளரை யார் குடித்தது என்று டெய்லருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். "கேட்டுக்கிட்டு வாயேன்" என்றேன். "அவருகிட்டயா? கேக்க மாட்டன், போங்க. நீங்க சொல்லாதது எனக்குத் தெரியாததாவே இருக்கட்டும்" என்றாள். ரோஷத்தில் நானும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நாடகம் முடிந்த பிறகும் ராத்திரிகளில், மாமனார்தான் குடித்திருப்பார், இல்லை நாய் குடித்திருக்கும் என்று எங்களுக்குள் வழக்கு நடக்கும். எனக்குச் சேந்தமங்கலத்தில் ஹார்டுவேர் கடையில் வேலை கிடைத்து, நான் மலையிறங்கிப் போய்வர ஆரம்பித்த பிறகும் அந்த வழக்கு தீரவில்லை.

இப்போது புரிகிறதா, போன வாரம் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று? இத்தனை வருஷ வழக்குக்கு அவள் கட்டைவிரலால் தீர்ப்புப் பார்த்துவிட்டாள். எனக்கு லிங்க் வந்து கிடக்கிறது. நான் இன்னும் அதைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஒரு டெய்லர்மீது பொறாமைப்பட்டேன். அவரிடமாவது மனிதனுக்கு மனிதன் சண்டை போடலாம். போனின் சட்டைக் கை குட்டை என்று நான் எதை அளந்து பார்ப்பது?

போன வாரம் அந்தச் சாயங்காலம் அதே பஸ்ஸில் டெய்லரும் இருந்தார். தலை நரைத்துவிட்டது. முன்சீட்டில், அவர் காதிலும் ஒயர். பஸ் முழுக்க குனிந்த தலைகள். பலாமரத்து ஸ்டாப்புக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு, பாறை மறைப்பதால் டவர் கிடைக்காது. அங்கே வந்ததும் போன்களில் படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொன்றாகத் தலைகள் நிமிர்ந்தன. தூங்கி எழுந்தவர்கள் மாதிரி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள" என்றேன், "அந்த டம்ளரு யாரு கைக்குத்தான் போச்சு?"

செல்வி ஒரு காதிலிருந்து ஒயரை எடுத்தாள். "என்னங்க கேட்டீங்க?"

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பாறை விலகியது. டவர் வந்துவிட்டது. தலைகள் கவிழ்ந்தன. விசில் கேட்டதும் டெய்லர் போனைப் பார்த்தபடியே படியைக் காலால் தடவி இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. பஸ் புறப்பட்டது.