ஆறாவது ஆட்டத்துக்கு ஆலன் வழியாகப் போகாதீர்கள்

நியூ ஜெர்சியிலிருந்து டல்லாஸுக்குப் போய் பாஸ்கெட்பால் பிளே ஆஃப் ஆட்டம் ஒன்று பார்த்துவர எவ்வளவு ஆகும், எங்கே தங்கலாம் என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எவ்வளவு ஆகும் என்பதை முழுதாகச் சொல்கிறேன். எங்கே தங்கக்கூடாது என்பதை அதைவிட முழுதாகச் சொல்கிறேன். போன மே மாதம், ஒரே ஒரு சனி ஞாயிறு, நான் மட்டும் போய்வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. நடுநடுவே புலம்பல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் இந்தப் பிளெய்ன்ஸ்பரோவுக்குக் குடிவருமுன் ஏழு வருடம் கலிபோர்னியாவில், டப்ளினில் இருந்தோம். அங்கே பிடித்த பைத்தியம்தான் பே ஏரியா அணி, அதாவது சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து அணி. அதிலும் குறிப்பாக ஓர் ஆட்டக்காரர். எங்கள் வீட்டில் அவருக்கு நெட்டையன் என்று பெயர். அந்த விளையாட்டில் எல்லோருமே நெட்டைதான், இருந்தாலும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அணியின் அரங்கம் ஓக்லாந்தில் இருந்த காலத்தில் டப்ளினிலிருந்து ஒரே ரயில், மாறி ஏறக்கூட வேண்டாம். அப்போது போகவில்லை. முதலில் எனக்கு வேலை பார்க்க விசா இல்லை. பிறகு கைக்குழந்தை. பிறகு அணி ஜெயிக்க ஆரம்பித்து டிக்கெட் விலை ஏறியது. அப்புறம் நாங்களே ஊர் மாறிவிட்டோம். நெட்டையனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிவதாக இருந்தது. பிளே ஆஃபில் அவர் ஆடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும், இந்த வருடத்தை விட்டால் இல்லை. என் ஆசை அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பிளே ஆஃப் என்பது சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள். அதில் ஒரு சுற்று என்பது ஏழு ஆட்டம். முதலில் நான்கு ஜெயிக்கிற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். நான்காவது வெற்றி வந்த நிமிடமே மிச்ச ஆட்டங்கள் ரத்து. எங்கள் அணிக்கு எதிரே டல்லாஸ் அணி. எங்கள் அணியின் இப்போதைய அரங்கம் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் மேல் மாடி இருக்கை நானூற்றி எண்பது டாலர். டல்லாஸில் நடக்கவேண்டிய ஆறாவது ஆட்டத்துக்கு அதே மாதிரி இருக்கை நூற்று அறுபத்தைந்து. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் ஏதேதோ கட்டணம் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஆனது, அது வேறு கதை. ஆட்டம் நடக்காவிட்டால் டிக்கெட் பணம் திரும்பி வரும். விமான டிக்கெட் முந்நூற்றுப் பதினெட்டு, அது வராது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நான்கு ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி மூன்று, அவர்கள் ஒன்று. வியாழக்கிழமை ஐந்தாவது ஆட்டத்தை எங்கள் அணி ஜெயித்துவிட்டால் ஆறாவது ஆட்டமே கிடையாது. அதாவது, நான் நெட்டையனைப் பார்க்க வேண்டுமானால் நெட்டையன் தோற்க வேண்டும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் அணி கூடை போடும்போதெல்லாம் சோபாவில் உட்கார்ந்து நான் "ஐயோ" என்றேன். பதினொரு வயது மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, ஹூஸ் ஸைட் ஆர் யூ ஆன்?" என்றாள். எங்கள் அணி நான்கு புள்ளியில் தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு டப்ளினிலிருந்து கவிதா கூப்பிட்டாள். பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருந்தவள், கோபிசெட்டிபாளையத்துக்காரி. ஆட்டம் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"சந்தோஷமா உனக்கு? உன் ஃப்ளைட் டிக்கெட்டுக்காக எங்க வயித்துல அடிச்சுட்டல்ல?"

"நானாடி போய் பந்தை மிஸ் பண்ணேன்?"

"நீ மனசுல நெனச்சிருப்ப. எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

தங்குமிடத்துக்கு வருகிறேன். அரங்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நல்ல விடுதி ஒன்றை, ஓர் இரவுக்கு நூற்று எழுபது என்று பதிவு செய்திருந்தேன். பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் வாய் தவறி இதைச் சொன்னேன். மறுநாள் காலையில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் ஆலன் என்ற ஊரிலிருந்து மெர்சி ஆண்ட்டி போன். அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். இப்போது ஆண்ட்டியும் தங்கராஜ் அங்கிளும் ஆலனில் மகன் வீட்டில் இருக்கிறார்கள்.

"ஏம்மா, நாங்க இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம், நீ ஹோட்டல்ல தங்குவியா? கேன்சல் பண்ணு மொதல்ல. மேட்ச் எத்தன மணிக்கு?"

அதுவரை டல்லாஸில் நடந்த ஆட்டங்கள் எல்லாம் இரவு ஏழரைக்கு. நானும் ஏழரை என்றேன். இந்த லீக்காரர்கள் அடுத்த ஆட்டத்தின் நேரத்தைக் கடைசி நிமிடம் வரை சொல்லமாட்டார்கள். டிவிக்காரன் வசதிதான் அவர்களுக்கு முக்கியம். ஐந்தாவது ஆட்டம் முடிந்த பிறகுதான் அறிவித்தார்கள்: சனிக்கிழமை மாலை ஐந்தரை. அதற்குள் ஆண்ட்டி நான் வருவதை முன்னிட்டு அதே சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்து, எட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஐந்தே முக்கால் ரயில். நியூவர்க் விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம், கட்டணம் இருபது டாலருக்குச் சற்றுக் குறைவு. எட்டேகாலுக்கு விமானம், டல்லாஸில் இறங்கும்போது அங்கே பதினொன்று. விமான நிலையத்திலிருந்து ஆலன் முப்பது மைல் சொச்சம். அங்கிளே வந்திருந்தார். செல்போன் ஆப்பில் கார் பிடித்து வந்துவிடுகிறேன் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மனிதர் அறுபத்தைந்து மைல் வேகம் போகிற சாலையில் நாற்பத்தெட்டில் போகிறவர். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மத்தியானம் மட்டன் குழம்பு, சொதி, அப்பளம். சாப்பாட்டைக் குறை சொன்னால் வாய் வேகும், அவ்வளவு ருசி.

"ஆண்ட்டி, நாலேகாலுக்கு நான் கிளம்பணும்" என்றேன்.

"ஒரு பாட்டு, ஒரு ஜெபம். முடிஞ்சதும் அங்கிள் கொண்டு விட்டுருவாங்க. உனக்காகத்தானம்மா வச்சோம்."

உனக்காகத்தான் என்ற பிறகு என்ன பேசுவது? நாலு மணிக் கூட்டத்துக்கு நம் ஜனங்கள் நாலு இருபத்தைந்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பாட்டு ஒன்றல்ல, மூன்று. அடுத்து ஜெபக் குறிப்புகள். ஒருவருக்கு கிரீன் கார்டு பதினொரு வருடமாக நிற்கிறது. ஒரு அம்மாவுக்கு பயாப்ஸி முடிவு திங்கட்கிழமை வருகிறது. ஒரு பையன் காலேஜ் வெயிட் லிஸ்டில் இருக்கிறான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆண்ட்டி சபை நடுவே என்னைக் காட்டினார்.

"நம்ம ஷீபா ஒரு தம்பி விளையாடுறத பாக்க நியூ ஜெர்சிலேர்ந்து வந்திருக்கா. அந்தத் தம்பிக்கு முழங்கால் சரியில்லையாம். அதையும் ஒரு குறிப்பா வச்சுக்கிடுவோம். பேர் என்னம்மா?"

பயாப்ஸி அம்மா உட்பட எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பெயரைச் சொன்னேன். அங்கிள் அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'அந்த மகன்' என்று முடிவு செய்து கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, அந்த மகனுடைய முழங்கால உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம். எலும்பையும் ஜவ்வையும் நீர் அறிவீர். ஓடும்போதும் குதிக்கும்போதும் தாங்கிக்கொள்ளும். எதிர்த்து விளையாடுற பிள்ளைகளுக்கும் ஒரு சேதமும் வராம காத்துக்கொள்ளும்."

எதிரணிக்கும் சேர்த்தது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த ஜெபத்தில் பொய்யே இல்லை. கிரீன் கார்டுக்கு எவ்வளவு உருகினாரோ அதே அளவு அந்த முழங்காலுக்கும் உருகினார். அதைக் கேட்டுக்கொண்டே பாதியில் எழுந்து போவது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கிளம்பும்போது மணி ஐந்து. ஆண்ட்டி காரின் ஜன்னல் வழியாக ஒரு பையைத் திணித்தார். ஆறு உளுந்த வடை, கேசரி. ஆலனிலிருந்து அரங்கம் இருபத்தேழு மைல். 75ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராகத் தெற்கே போனால் முப்பத்தைந்து நிமிடம், சனிக்கிழமை நெரிசலில் நாற்பத்தைந்து. அங்கிள் கையில் ஒரு மணி நேரம். வலது ஓரப் பாதையை விட்டு ஒரு அடி விலகவில்லை. லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. "பதட்டப்படாதம்மா, ஆரம்பத்துல எல்லாம் சும்மா விளம்பரம்தான் போடுவாங்க" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் இறங்கியபோது, அந்த விளம்பர நேரம் போக, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஓடினேன். பாதுகாப்புச் சோதனையில் நின்ற பெண்மணி பையைத் தூக்கிப் பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது, குப்பையில் போடுங்கள் என்றார். குப்பைத் தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. புத்தியுள்ள எவளும் போட்டிருப்பாள். எனக்குக் கை வரவில்லை. சாப்பிடுகிற பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்று சின்ன வயதில் வாங்கிய அடி அப்படி. சுவரோரமாக நின்று வடையை எடுத்து விழுங்க ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. உள்ளே இருபதாயிரம் பேர் கத்துவது கேட்கிறது, நான் வெளியே நின்று வடை தின்கிறேன். டல்லாஸ் சட்டை போட்ட ஒருவரும் என்னைப் போலவே தாமதமாக வந்தார். அவரிடம் மிச்சத்தை நீட்டினேன். "ஃப்ரீயா?" என்று கேட்டார். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, டோனட்டில் ஏன் மிளகு என்றார். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே சத்தம் சட்டென்று அடங்கியது. டைம் அவுட் இடைவேளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பையை அவர் கையிலேயே விட்டுவிட்டு, மேல் மாடிக்கு மூன்று எஸ்கலேட்டர் ஏறி இருக்கையைத் தேடி உட்கார்ந்து களத்தைப் பார்த்தால் நெட்டையன் இல்லை. பெஞ்சிலும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "முழங்கால். இப்பதான், அஞ்சு நிமிஷம் முன்னாடி தூக்கிட்டுப் போனாங்க. எட்டு நிமிஷம் ஆடினார். என்னா ஆட்டம்!" என்றார் ஆங்கிலத்தில். எதிரணி ரசிகர், அவர் குரலில்கூட வருத்தம் இருந்தது. நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் அவரைப் பெஞ்சுக்கு அழைத்து வந்தார்கள். முழங்காலில் ஐஸ் கட்டு, மேலே சட்டை. மீதி நேரம் முழுவதும் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் சுண்டுவிரல் அளவுதான். அவருக்குப் பதிலாக இறங்கிய சின்னப் பையன் தப்பு செய்தபோதெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து ஏதோ சொன்னார். எங்கள் அணி மூன்று புள்ளியில் ஜெயித்தது, அடுத்த சுற்றுக்குப் போனது. எல்லோரும் களத்துக்குள் ஓடினார்கள். அவர் ஒருவரின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனார். ஜெயித்த அணியின் ரசிகை அழுதுகொண்டு வெளியே வந்ததைப் பார்த்து டல்லாஸ்காரர்கள் ஆறுதலாகச் சிரித்தார்கள்.

திரும்பும்போது ஆப்பில் கார், ஐம்பத்திரண்டு டாலர். வழி முழுக்க ஆண்ட்டியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கடுமையாகவே தயார் செய்திருந்தேன். கதவைத் திறந்ததும் ஆண்ட்டி, "வடை சாப்ட்டியா? அந்தத் தம்பி நல்லா விளையாண்டாரா?" என்றார்.

"எட்டு நிமிஷம்தான் ஆண்ட்டி. முழங்கால் போயிருச்சு. நான் உள்ள போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஆண்ட்டி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு ஜெபிச்சோமேம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அங்கிள், "நான் கொஞ்சம் வேகமா ஓட்டிருக்கலாம்" என்றார்.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அதெல்லாம் இல்ல அங்கிள், டிராஃபிக். பரவால்ல, பெஞ்சுல இருக்கும்போது நல்லா பாத்தேன்" என்றேன். ஆயிரத்து நானூறு மைல் பறந்துபோய், பார்க்கப் போனதைப் பார்க்காமல், அதற்கு நானே மற்றவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. ஆண்ட்டி தேறுவதற்கு நான் ஆறு இட்லி சாப்பிட வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடுதியில் தங்குங்கள், அரங்கத்துக்குப் பக்கத்தில், யாரிடமும் சொல்லாமல். சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் மறுநாள் போங்கள். ஆட்ட நேரம் அதிகாரபூர்வமாக வரும்வரை மணி சொல்லாதீர்கள். ஆலன், பிளேனோ பக்கம் இருந்து போவதானால் பிளேனோவில் காரை விட்டுவிட்டு நகர ரயிலில் போகலாம், அரங்கத்தின் பக்கத்திலேயே நிலையம் இருக்கிறது. சனி ஞாயிறில் எந்த வண்டி எதுவரை போகும் என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். பை வேண்டாம். சாப்பாடு வேண்டவே வேண்டாம். மேல் மாடி இருக்கையில் ஏசி நடுக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

பயாப்ஸி நல்லபடியாக வந்துவிட்டது என்று திங்கட்கிழமை ஆண்ட்டி செய்தி அனுப்பினார். எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. எங்கள் அணி அடுத்த சுற்றில் நெட்டையன் இல்லாமல் நான்கு ஆட்டத்தில் வெளியேறியது. அந்த எட்டு நிமிடத்தில் அவர் பதினொரு புள்ளி எடுத்தாராம். அதன் வீடியோ இணையத்தில் இருக்கிறது. கவிதா அனுப்பினாள், மகள் அனுப்பினாள், அங்கிள்கூட யாரிடமோ கேட்டுக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் திறக்கவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை திறப்பதாகவும் இல்லை.